சமையலறைத் தரை, மேடை, ஷட்டர்: எதை முதலில் முடிவு செய்வது?

புதுமனை:
பூச்சு வேலை முடிந்து, தரை இன்னும் போடாத சமையலறை. உள்ளளவு 3.0 × 3.6 மீட்டர். எல் வடிவ மேடை. ஒரு பக்கம் கதவில்லாமல் கூடத்தோடு சேர்கிறது. இப்போதைய யோசனை: தரைக்கு 600 × 1200 மி.மீ. பாலிஷ்டு விட்ரிஃபைடு டைல்ஸ், மேடைக்கு வெள்ளை குவார்ட்ஸ், ஷட்டருக்கு, அதாவது கபோர்டு கதவுக்கு, பளபளப்பான அக்ரிலிக். இந்த டைல்ஸ் ஈரத்தில் வழுக்குமா? எத்தனை பெட்டி எடுக்க வேண்டும்? மேடைக்கு குவார்ட்ஸ் நல்லதா, கிரானைட் நல்லதா? கபோர்டு வைத்துவிட்டுத் தரை போடுவதா, தரை போட்ட பிறகு கபோர்டா?

தரைமட்டம்:
நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் மாற்றுவதற்குக் கஷ்டமானது எதுவோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். அப்படிப் பார்த்தால் தரை முதலில், மேடை அடுத்து, ஷட்டர் கடைசி. ஷட்டரை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம். தரையைப் பெயர்க்க வேண்டுமென்றால் மேடை, கபோர்டு எல்லாம் அதோடு சேர்ந்து கிளம்பும்.

வழுக்கல் பற்றி. முழு பாலிஷ் டைல் காய்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். தண்ணீரோடு கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால் கால் நிற்காது. டைல் விவரத்தாளில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருப்பார்கள். எண்ணெய் தடவிய சாய்வுத் தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரை கால் நிற்கிறது என்று அளந்த எண் அது. ஆர்9 என்றால் 6 முதல் 10 டிகிரி, ஆர்10 என்றால் 10 முதல் 19. வீட்டுச் சமையலறைக்கு ஆர்10 கேளுங்கள். ஆர்11-க்குப் போனால் சொரசொரப்பில் பிசுக்கு தங்கிவிடும், துடைப்பது பெரும்பாடு.

இனி எண்ணிக்கை. 600 × 1200 டைல் ஒன்று 0.72 சதுர மீட்டர். பெட்டிக்கு இரண்டு என்றால் 1.44. உங்கள் அறை 10.8 சதுர மீட்டர், 10 சதவீதம் சேதாரம் சேர்த்து 11.88. வகுத்தால் 8.25, ஆக 9 பெட்டி. பத்தாவது பெட்டியையும் எடுத்துப் பரண் மேல் போட்டுவையுங்கள். நாளைக்கு ஒரு டைல் உடைந்தால் அதே ஷேட் கிடைக்காது. எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண், காலிபர் எண் (டைலின் நிஜ அளவைக் குறிப்பது) இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். காலிபர் மாறினால் அரை மி.மீ., ஒரு மி.மீ. வித்தியாசம் வந்து, ஜாயிண்ட் கோடு போகப் போகக் கோணும்.

உங்கள் அளவில் ஒரு பொறி இருக்கிறது. காகிதத்தில் 3000-ஐ 600-ஆல் வகுத்தால் சரியாக 5, 3600-ஐ 1200-ஆல் வகுத்தால் சரியாக 3. மொத்தம் 15 டைல், வெட்டே இல்லை என்று தோன்றும். ஆனால் 5 டைலுக்கு நடுவே 2 மி.மீ. ஸ்பேசர் நான்கு வந்தால் 3008. சுவரோரம் இரண்டு பக்கமும் 8 மி.மீ. விரிவு இடைவெளி விட்டால் 3024. அறையோ 3000. வெட்டித்தான் ஆக வேண்டும். டைலின் நிஜ அளவு 600-க்குப் பதில் 598 என்று இருக்கவும் வாய்ப்புண்டு, பெட்டியைப் பிரித்து அளந்த பிறகே கோடு போடுங்கள். வெட்டிய ஓரம் கபோர்டுக்கு அடியில் போகட்டும். முழு டைல் கூடத்து வாசலில் இருந்து ஆரம்பிக்கட்டும்.

ஈரத்தரை:
ஆர்10 பற்றி ஒரு திருத்தம். எண்ணை மட்டும் நம்பாமல் சாம்பிள் டைலை வீட்டுக்கு எடுத்துவாருங்கள். தரையில் வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர், நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். அடுத்து பென்சிலால் கிறுக்கி ஈரத்துணியால் துடையுங்கள். கோடு போகவில்லை என்றால் பரப்பில் நுண்துளை இருக்கிறது, பிசுக்கும் அப்படியே தங்கும். பளபளப்புக்கும் சொரசொரப்புக்கும் நடுவில் சாட்டின் அல்லது லப்பாட்டோ என்று ஒரு பரப்பு வருகிறது. சமையலறைக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கருப்பு, அடர் சாம்பல் தரை வேண்டாம் என்பது என் கருத்து. காய்ந்த தண்ணீர்த் துளியின் உப்பு வட்டம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அழுக்கை மறைப்பது நடுத்தர சாம்பலும் மணல் நிறமும்தான், அதிலும் லேசான கோடு, புள்ளி உள்ளவை.

தரைமட்டம்:
ஒப்புக்கொள்கிறேன், சாட்டின் நல்ல யோசனை.

ஒட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும், பாதித் தகராறு அங்கேதான். விட்ரிஃபைடு டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. உறிஞ்சாததால்தான் கறை பிடிப்பதில்லை. அதே காரணத்தால் சிமெண்ட் பாலும் பிடிக்காது. கலவை மேல் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் சில மாதத்தில் தட்டிப் பார்க்கும்போது டொக்கு சத்தம் கேட்கும். சி2டிஇ வகை டைல் பசை கேளுங்கள். சி என்றால் சிமெண்ட் வகை, 2 என்றால் கூடுதல் பிடிப்பு, டி என்றால் சுவரில் வழுகி இறங்காது, இ என்றால் பரப்பிய பிறகு ஒட்டுவதற்குக் கூடுதல் நேரம்.

10 மி.மீ. பல் கரணையால் ஒரே திசையில் கோடு இழுக்க வேண்டும். டைலின் முதுகிலும் மெல்லிய பூச்சு தர வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்து அமுக்குவதை அனுமதிக்கவே வேண்டாம். உருண்டைகளுக்கு நடுவே காற்று நிற்கும், அந்த இடத்தில் கனமான பாத்திரம் விழுந்தால் டைல் வெடிக்கும். முதல் டைலை ஒட்டிய உடனே பெயர்த்து முதுகைப் பாருங்கள். பசை முழுப் பரப்பிலும் பரவி, பல் கோடுகள் நசுங்கி மறைந்திருக்க வேண்டும். கோடு அப்படியே தெரிந்தால் பசை போதவில்லை, அல்லது மேலே ஆடை கட்டிவிட்டது. வெயில் காலத்தில் இந்த ஆடை வேகமாகக் கட்டும். விரலால் தொட்டு, பசை ஒட்டாவிட்டால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும்.

சதுர மீட்டருக்கு 5 முதல் 6 கிலோ பிடிக்கும். 10.8-க்கு 65 கிலோ வரை. 20 கிலோ மூட்டை 4 எடுத்தால் குறைவுபடாது.

நீள டைலைச் செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி வைக்காதீர்கள். நீள டைல் பலவும் நடுவில் லேசாக வில் மாதிரி உயர்ந்திருக்கும். பாதி மாற்றினால் ஒன்றின் உயர்ந்த நடு, அடுத்ததன் தாழ்ந்த முனைக்குப் பக்கத்தில் வரும், கால் தட்டும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 400 மி.மீ. மாற்றினால் போதும். அல்லது நேர் வரிசையே வையுங்கள்.

புதுமனை:
நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. கூடத்துக்கும் இதே டைலைத் தொடரலாமா? கூடத்துக்கு மர நிற எஸ்பிசி பலகையும் யோசித்தோம். அப்படிப் போட்டால் அதையே சமையலறைக்குள்ளும் இழுத்துவிடலாமா?

ஈரத்தரை:
கதவில்லாத திறப்பு என்றால் ஒரே டைல் போவது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஒரு நிபந்தனை: சமையலறையில் தரைவடிகால் இருந்தால் 100-க்கு 1 வாட்டமாவது வேண்டும். 1200 மி.மீ. டைலில் நான்கு பக்க வாட்டம் எடுக்கவே முடியாது, வெட்டி மடிக்க வேண்டியிருக்கும். வடிகால் உள்ள இடத்துக்கு 300 × 300 போன்ற சின்ன டைல்தான். வடிகால் இல்லையென்றால் மட்டமாகவே போடுங்கள்.

பலகைக்காரர்:
எஸ்பிசி தண்ணீருக்கு ஊறாது. சுண்ணாம்புத்தூளும் பிவிசியும் சேர்ந்த பலகை அது. ஆனால் ஒட்டாமல், ஒன்றோடொன்று கொக்கி மாட்டி மிதக்கிற தரை. அதன் மேல் கல்மேடையோடு கபோர்டை வைத்தால் அந்த இடத்தில் இறுகிவிடும். வெயிலில் பலகை நீளும்போது நகர இடமில்லாமல் நடுவில் தூக்கும், அல்லது கொக்கி உடையும். எனவே எஸ்பிசி என்றால் கபோர்டு முதலில், பலகை அதன் கால் வரைக்கும், சுவரோரம் விற்பனையாளர் சொல்லும் இடைவெளி விட்டு. டைல் என்றால் நேர்மாறு: சுவர் முதல் சுவர் வரை டைல் போட்டு, அதன் மேல் கபோர்டு. கபோர்டுக்கு அடியில் டைல் இல்லாமல் விட்டுப் பணம் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. சிங்க் கசிந்தால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும், வெளியே தெரியவே தெரியாது.

அடித்தளம் 2 மீட்டர் மட்டப்பலகைக்கு 3 மி.மீ.க்கு மேல் மேடு பள்ளம் இருந்தால் எஸ்பிசி போடாதீர்கள். நடக்கும்போது கொக்கி அசைந்து அசைந்தே தேய்ந்து போகும்.

லேமினேட் மரத்தரை, அதாவது அழுத்திய மரத்தூள் நடுப்பகுதி உள்ளது, சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் ஓரம் உப்பி நிற்கும், காய்ந்தாலும் பழையபடி இறங்காது.

கல்மேடை:
மேடைக்கு வருகிறேன். குவார்ட்ஸ் என்பது கல்தூளையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்து அழுத்திய பலகை. எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கல், மீதி ரெசின். நுண்துளை இல்லை, கறை எளிதில் ஏறாது, உறிஞ்சலைத் தடுக்கும் சீலர் அடிக்க வேண்டியதில்லை. எல்லாப் பலவீனமும் அந்த ரெசினில்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைத்தால் ரெசின் கருகி மஞ்சள் வட்டம் விழும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது. ஜன்னல் வழியாக நேர் வெயில் நாள் முழுதும் விழும் இடத்தில் வெள்ளை குவார்ட்ஸ் காலப்போக்கில் மஞ்சளாகும்.

கிரானைட்டுக்குச் சூடு பொருட்டே இல்லை. ஆனால் எல்லாக் கிரானைட்டும் ஒன்றல்ல. அடர் கருப்பில் உறிஞ்சல் மிகக் குறைவு. வெளிர் நிறக் கற்கள் பலவும் எண்ணெய் குடிக்கும். சாம்பிள் துண்டில் ஒரு சொட்டு தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 15 நிமிடம் விடுங்கள். துடைத்த பிறகும் இருண்ட வட்டம் நின்றால் அந்தக் கல்லுக்கு சீலர் கட்டாயம், அதையும் அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும். கருப்புக் கல் வாங்குகிறீர்கள் என்றால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேயுங்கள். துணியில் கருமை ஏறினால் அது சாயம் பூசிய கல், மேடையில் நாளடைவில் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

மார்பிளை யாராவது பரிந்துரைத்தால், எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பளபளப்பு போய் மங்கல் வட்டம் இருக்கும். இதைக் கறை என்று நினைத்து சீலர் அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. சீலர் உறிஞ்சலைத்தான் தடுக்கும். இங்கே நடப்பது சுண்ணாம்புக் கல்லை அமிலம் அரிப்பது.

எந்தக் கல்லானாலும் உடைவது சிங்க், அடுப்புக்கு வெட்டிய ஓட்டையின் மூலையில்தான். மூலையைச் செங்குத்தாக வெட்டினால் விசை முழுதும் ஒரு புள்ளியில் குவிந்து, அங்கிருந்து முன் விளிம்புக்கு விரிசல் ஓடும். குறைந்தது 5 மி.மீ. ஆரத்தில் வளைத்து வெட்டச் சொல்லுங்கள். ஓட்டைக்கு முன்னால் நிற்கும் பட்டை 60 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 20 மி.மீ. கல் 200 மி.மீ.க்கு மேல் வெளியே நீண்டால் அடியில் தாங்கு வேண்டும்.

விளிம்புக்கு அடியில், முன்னிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, 3 மி.மீ. ஆழத்தில் ஒரு நீர்க்கோடு அறுக்கச் சொல்லுங்கள். மேடையில் வழியும் தண்ணீர் கல்லின் அடியை ஒட்டியே உள்ளே ஓடி, ஷட்டரின் மேல் ஓரத்தை நனைக்கும். இந்தக் கோட்டில் வந்ததும் சொட்டிவிடும். கல் வெட்டும்போதே கேட்டால்தான் செய்வார்கள்.

மூலைமட்டம்:
கல்மேடை சொன்னதோடு ஒன்று. குவார்ட்ஸை வீட்டுக்குள் உலர்வாக அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வரவழைக்கும், அதற்கு மருந்தில்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தயாரிப்பதற்கும் பொருத்துவதற்கும் தடையே விதித்துவிட்டது. கிரானைட் தூசியும் கெடுதல்தான், குவார்ட்ஸ் தூசியில் சிலிக்கா இன்னும் அதிகம். அளவெடுத்துப் பட்டறையில் தண்ணீர் விட்டு அறுத்து வரட்டும். அறுப்பவரும் ஒரு உயிர்தான்.

பலகைக்காரர்:
ஷட்டரைப் பற்றி எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். சமையலறை கபோர்டு கெடுவது முகத்தில் அல்ல, ஓரத்தில்.

சிங்க் பெட்டிக்குக் கொதிநீர் தாங்கும் பிளைவுட், 18 மி.மீ. இதில் அடுக்குகளை ஒட்டும் பசை ஃபீனால் வகை. சாதாரண பிளைவுட்டில் யூரியா வகை, அது ஈரத்தில் கரையும். சந்தேகமிருந்தால் வெட்டிய துண்டு ஒன்றைச் சில மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள், அடுக்கு பிரியக் கூடாது. பெட்டி நேராகத் தரையில் உட்காராமல் 100 மி.மீ. பிளாஸ்டிக் கால் மேல் நிற்கட்டும், முன்னால் கழற்றக்கூடிய பிளிந்த், அதாவது காலை மறைக்கும் பலகை. குழாய்க்குப் பின்பலகையில் போட்ட ஓட்டையின் உள்விளிம்பையும் பூசி அடைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஓட்டை வழியாக ஏறும் ஈரம் பலகையின் நடுவில் தொடங்கும், வெளியே தெரியும்போது உள்ளே பாதி உப்பியிருக்கும்.

ஷட்டர் ஓரப்பட்டை 2 மி.மீ. நல்லது. எதால் ஒட்டியது என்று கேளுங்கள். சாதாரண சூட்டுப்பசை அடுப்பு, ஓவன் ஆவியில் இளகும். பியூஆர் (பாலியூரிதேன்) பசை இளகாது, தண்ணீருக்கும் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டிய ஷட்டர் கட்டாயம் வளையும், பின்பக்கமும் அதே தடிமனில் ஒட்டியாக வேண்டும். கீல் எண்ணிக்கை: 900 மி.மீ. உயரம் வரை 2, 1600 வரை 3, அதற்கு மேல் 4.

பிவிசி தாள் போர்த்திய மெம்பிரேன் ஷட்டர் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். சூட்டில் மூலை உரியும்.

புதுமனை:
அப்போ அக்ரிலிக்? கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்றுதான் ஆசை.

பலகைக்காரர்:
ஆசைப்படலாம், இடம் பார்த்துப் போடுங்கள். பளபள அக்ரிலிக்கில் கீறலும் விரல் ரேகையும் தெரியும். லேசான கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். உலர்ந்த துணியால் துடைப்பதே கீறல் போடும், ஈர மைக்ரோஃபைபர் துணிதான். எனவே கை படாத மேல் அலமாரிக்கு அக்ரிலிக், கீழ் டிராயருக்கும் சிங்க் பக்கத்துக்கும் 1 மி.மீ. மேட் லேமினேட் என்று பிரியுங்கள். ஒரே நிறத்தில் இரண்டும் பொருத்தப் பார்க்காதீர்கள், ஒன்றாக வரவே வராது. வேண்டுமென்றே இரண்டு நிறம் எடுங்கள்.

ஈரத்தரை:
அதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் ஆவி அதிகம் ஏறுவது மேல் அலமாரியில்தான், முக்கியமாகப் புகைபோக்கிக்கு இரண்டு பக்கமும். அங்கே அடிக்கடி துடைக்க வேண்டும், அக்ரிலிக் கீறிக் கீறி மங்கும். அந்த இரண்டு கதவுக்கு மட்டும் நிறப் பூச்சுக் கண்ணாடி போடலாம்.

பலகைக்காரர்:
சரி, அந்த இரண்டு கதவுக்கு ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி கனம், அதற்கேற்ற கீல் கேட்டு வாங்க வேண்டும்.

மூலைமட்டம்:
வேலை வரிசையில் ஒன்று விட்டுப்போனது. தரை வேலை ஆரம்பிக்கும் முன்பே சுவர் முழுக்க ஒரே மட்டக்கோடு அடியுங்கள், முடிந்த தரையிலிருந்து சரியாக 1000 மி.மீ. உயரத்தில். மேடை உயரம், ஸ்விட்ச், குழாய் முனை, புகைபோக்கி எல்லாம் இந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். பசை 5 மி.மீ., டைல் 9 மி.மீ., ஆக முடிந்த தரை இப்போதைய தளத்தைவிட 14 மி.மீ. ஏறும். இதைக் கணக்கில் எடுக்காமல் வெறும் தளத்திலிருந்து 860 அளந்தால், முடிவில் மேடை 846-தான் நிற்கும். மேடை உயரத்துக்கு, அதிகம் சமைப்பவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும், முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே.

சுவர் டைல் மேடைக் கல் உட்கார்ந்த பிறகுதான். கல்லும் சுவர் டைலும் சேரும் மூலையில் கிரௌட் (ஜாயிண்டை அடைக்கும் கலவை) போடாதீர்கள். இரண்டும் வேறு வேறாக அசையும், கிரௌட் மயிரிழை விரிசல் விட்டு, தண்ணீர் பின்னால் இறங்கும். அங்கே 3 மி.மீ. இடைவெளி விட்டு சிலிக்கான். அதிலும் புளித்த வாடை அடிக்கும் அசிட்டிக் வகை வேண்டாம், மார்பிள் போன்ற சுண்ணாம்புக் கல்லை அரிக்கும். நியூட்ரல் வகை, பூஞ்சை தடுப்பு சேர்த்தது.

தரைக்கு எபாக்ஸி கிரௌட். கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவற்றின் பெருக்கலால் வகுத்து, டைல் தடிமன், ஜாயிண்ட் அகலம், 1.6 ஆகியவற்றால் பெருக்குங்கள். 600 × 1200 × 9, ஜாயிண்ட் 2 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 72 கிராம். உங்கள் தரைக்கு 780 கிராம், சேதாரத்தோடு 1 கிலோ. பெட்டியைப் பாதியாகக் கலக்காதீர்கள். பிசினும் கடினப்படுத்தியும் விகிதம் தவறினால் ஜாயிண்ட் கடைசி வரை பிசுபிசுக்கும். கலந்த பிறகு அரை மணி நேரம்தான் கையில் ஓடும். போட்ட இடத்தை உடனுக்குடன் ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் டைல் மேல் படலம் கட்டி நிற்கும். அதைக் கரைக்கத் தனி மருந்து வாங்க வேண்டும்.

புதுமனை:
முடிவு இப்படி: தரைக்கு சாட்டின், ஆர்10, மணல் நிறம், கூடத்துக்கும் அதே டைல். மேடைக்கு, ஜன்னல் வெயில் இருப்பதால், கருப்புக் கிரானைட் 20 மி.மீ. கீழே மேட் லேமினேட், மேலே அக்ரிலிக், புகைபோக்கிப் பக்கம் கண்ணாடி. கருப்புக் கல்லால் மேடை இருட்டாகிவிடுமா?

கல்மேடை:
மேல் அலமாரிக்கு அடியில் விளக்குப் பட்டை வையுங்கள், 4000 கெல்வின் (மஞ்சளுக்கும் தூய வெள்ளைக்கும் நடுவான ஒளி), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற எண்) 90-க்கு மேல். பளபளக் கருப்பில் எல்இடி புள்ளி புள்ளியாகக் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும், பால் நிற மூடி உள்ள அலுமினியப் பட்டைக்குள் வைத்தால் ஒரே கோடாகத் தெரியும். பட்டையை அலமாரியின் முன் ஓரத்தில் பொருத்துங்கள். பின்னால் வைத்தால் வெளிச்சம் சுவருக்குத்தான் போகும்.

தரைமட்டம்:
நல்ல தேர்வு. ஒட்டி 24 மணி நேரம் யாரும் மிதிக்க வேண்டாம், கிரௌட் அதற்குப் பிறகு. எபாக்ஸி போட்டு 7 நாள் வரை கடுமையான கழுவு திரவம் படக் கூடாது. கபோர்டு ஏற்றும்போது டைல் மேல் தடித்த அட்டை விரித்து, ஜாயிண்டில் நேராக டேப் ஒட்டாமல் அட்டைக்கு அட்டை ஒட்டுங்கள்.

பலகைக்காரர்:
சிங்க் பொருத்தியதும் பெட்டிக்கு உள்ளே எதையும் அடுக்குவதற்கு முன்னால், சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். மெதுவாக ஓடும் தண்ணீரில் கசியாத ஜாயிண்ட், முழு வேகத்தில் கசியும். கீழே ஒவ்வொரு ஜாயிண்டையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துளியும் காகிதத்தில் தெரியும். மறுநாளும் ஒரு முறை செய்யுங்கள்.